மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம்

“அவங்கப்பனே மூணு வயசுலதானுங்க பேசுனான், பேரனும் பேசிக்குவான்.” அவிநாசிப் பக்கம் பேச்சு தாமதமாகும் பிள்ளை உள்ள வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல் இது. சிகிச்சை எளிதில் பலிக்கும் மாதங்கள் இந்த ஆறுதலிலேயே கழிந்துவிடுகின்றன.

முதல் சொல்லுக்கு வெகு முன்பே குழந்தை நம்மோடு பேசத் தொடங்கிவிடும். இரண்டு, மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்து ‘ஊ’ கொட்டும். ஆறேழு மாதத்தில் ‘பாபாபா’ என்று அடுக்கும். ஒரு வயதை ஒட்டி, தென்னை மட்டையில் உட்கார்ந்த காக்காயை விரல் நீட்டிக் காட்டும். அம்மாவும் பார்த்தாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பேச்சுக்கு அடித்தளம் அங்கேதான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

- 12 மாதமாகியும் மழலையோ, கைகாட்டுதலோ இல்லை
- 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை
- 24 மாதமாகியும் ‘பால் வேணும்’ போல இரு சொல் சேரவில்லை
- எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோகிறது

பேச்சு தாமதத்துக்குக் காது கேளாமையும் காரணமாகலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ஒலி எழுப்பும். தட்டைத் தட்டினால் கையசைவைக் கண்டோ, அதிர்வை உணர்ந்தோ திரும்பும். ஆகவே வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். பிறந்த 1 மாதத்துக்குள் கருவி மூலம் செவித்திறன் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே மருத்துவ உலகின் கணக்கு.

பேச்சு வர நாக்கில் வசம்பு உரசித் தடவுவதும், ஒரு வயதுக்குள் தேன் தருவதும் ஆபத்து. சோறூட்டச் செல்போன் காட்டுவதும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீட்டில் தமிழோடு தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ பேசினால் பேச்சு தாமதமாகாது.

உங்கள் உரிமைகள்

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) பேச்சுப் பயிற்சி இலவசம். செவிநத்தைக் கருவி (காக்ளியர் இம்பிளாண்ட்) பொருத்தும் அறுவைச் சிகிச்சை, தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைவு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம் மூன்றையும் மாற்றுத்திறன் வகைகளாக அங்கீகரிக்கிறது.

பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாக்களுக்கும் ஒரு வழி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய்வரலாம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த உரிமை இது. பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

“பார்க்கலாம், வளரட்டும்” என்று எங்கேனும் திருப்பி அனுப்பினால், மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். 104-க்கு அழைத்து விவரம் பெறலாம். அதற்கும் வழி பிறக்காவிட்டால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.