ஆட்கள் அவர்களே! ஆலை மாறியது எப்படி?

"இந்தக் காலத்துத் தொழிலாளிக்கு வேலையில் அக்கறை இல்லை; கூலியில்தான் குறி!" முதலாளிமார் கூடுகின்ற இடத்தில் எல்லாம் இந்தப் பல்லவி கேட்கிறது. தொழிலாளியின் இரத்தத்திலேயே சோம்பல் ஊறிக் கிடப்பது போலவும், சாட்டையை ஓங்கினால்தான் அவன் கை அசையும் என்பது போலவும் பேசுகிறார்கள். உண்மைதானா? உரசிப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. அது எங்கோ பொதுவுடைமை நாட்டில் இல்லை. முதலாளித்துவத்தின் தலைவாசலாம் அமெரிக்காவிலேயே இருக்கிறது!

கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமாண்ட் என்றோர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் ஆலை. கெட்ட பெயரில் அதற்கு நிகர் அதுவே! ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. ஆலைக்குள்ளேயே குடியும் சூதாட்டமும் நடந்தன. தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 1982-ல் ஆலையைப் பூட்டினார்கள். "தொழிலாளிதான் கெடுத்தான்" என்று பழியையும் அவன் தலையிலேயே கட்டினார்கள்.

1984-ல் பூட்டுத் திறந்தது. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி, ஜெனரல் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து, 'நம்மி' என்ற பெயரில் ஆலையை நடத்த முன்வந்தது. யாரை வேலைக்கு எடுத்தார்கள்? புதியவர்களையா? இல்லை! பெரும்பாலோர் பழைய ஆலையின் அதே தொழிலாளர்கள். அதே தொழிற்சங்கம். கூலியும் கார்த் தொழிலில் சங்கம் பெற்றுத் தந்த கூலிதான்.

விளைவு? வேலைக்கு வராதோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்று குறைந்தனர். புகார் மலை கரைந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் கார்களின் தரம், ஜப்பானிய ஆலையின் தரத்தோடு போட்டியிட்டது!

மாயமா, மந்திரமா? இரண்டுமில்லை. பழைய ஆலையில் ஒரு கட்டளை இருந்தது: வேலை வரிசை நிற்கவே கூடாது. பழுதான வண்டி கண்ணெதிரே நகர்ந்து போனாலும் தொழிலாளி வாய் திறக்கக் கூடாது. புதிய ஆலையிலோ, தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். பழுது கண்டவன் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், "யார் செய்த குற்றம்?" என்று கேட்க அல்ல, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க! சிக்கல் தீராவிட்டால் வரிசையே நிற்கும்.

கயிறு என்னவோ சாதாரணக் கயிறுதான். ஆனால் அது சொன்ன சேதி சாதாரணமானதல்ல: "உனக்குக் கை மட்டுமல்ல, கண்ணும் உண்டு, கருத்தும் உண்டு, அவற்றை நாங்கள் மதிக்கிறோம்!" அதிகாரியும் தொழிலாளியும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். 1988-ல் விற்பனை சரிந்தபோது, ஆட்குறைப்பு என்ற கத்தி வீசப்படவில்லை. தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; வேலையைச் சீர்படுத்தும் பணிகளில் ஈடுபடுத்தினார்கள். சொன்ன சொல்லை நிர்வாகம் காப்பாற்றியது. தொழிலாளியும் தன் பங்கைச் செய்தான்.

இதைக் காட்டி, "அப்படியானால் கூலி உயர்வு எதற்கு? கயிறு ஒன்று கட்டினால் போதுமே!" என்று எவரேனும் கணக்குப் போட்டால், அவர் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர். வயிறு காய்ந்தவனிடம் மரியாதை பேசுவது ஏமாற்று வேலை. நியாயமான கூலி அடித்தளம். அதன்மேல் எழும் சுவர்தான் மதிப்பு. அடித்தளமின்றிச் சுவரும் நிற்காது; சுவரின்றி அடித்தளம் வீடும் ஆகாது.

கதையின் முடிவையும் மறைக்க வேண்டியதில்லை. 2009-ல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் ஆலையை மூடியது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தனர். கால் நூற்றாண்டு உழைத்துத் தம் திறமையை மெய்ப்பித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அதுதான்! ஆலையை மூடுவதா என்று முடிவெடுத்த மேசைக்கு மேலே மட்டும், தொழிலாளி இழுக்க ஒரு கயிறு தொங்கவில்லை.

ஆகவே, "தொழிலாளிக்கு ஊக்கம் இல்லையே" என்று அங்கலாய்க்கும் நிர்வாகிகளே, ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: அவன் கைக்கு எட்டும்படி என்ன கயிறு கட்டியிருக்கிறீர்கள்?