ஆதித்த கரிகாலன் கொலை: கல்வெட்டும் கல்கியின் நாவலும்

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வினவினால், தமிழ் வாசகர்களுள் பெரும்பாலானோர் நந்தினியின் பெயரையோ பாண்டியனின் ஆபத்துதவிகளையோ கூறுவர். இவ்விடை அவர்களுக்குக் கிடைத்தது வரலாற்று நூல்களிலிருந்தன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தமது வார இதழில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலிலிருந்தே கிடைத்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்ததன் பின்னர் இந்நம்பிக்கை மேலும் வலுப்பெற்றுள்ளது. எனவே, இக்கதையில் வரலாறு எது, கற்பனை எது எனப் பிரித்தறிவது பயனுடையதாகும்.

ஆதித்த கரிகாலன் சுந்தர சோழரின் மூத்த மகன்; குந்தவைக்கும் பின்னாளில் முதலாம் ராஜராஜனாகிய அருள்மொழிக்கும் தமையன். பாண்டிய மன்னன் வீரபாண்டியனை வென்று, 'பாண்டியன் தலைகொண்டவன்' எனப் பெயர் பெற்றவன். ஏறத்தாழ 970ஆம் ஆண்டளவில் அவன் கொல்லப்பட்டான். அவனுக்குப் பின்னர் அரியணை அருள்மொழிக்குக் கிட்டவில்லை. சிற்றப்பன் முறையினரான உத்தம சோழரே ஆட்சிக்கு வந்தார். ராஜராஜன் முடிசூடியது 985ஆம் ஆண்டிலாகும்.

கொலை பற்றிய முதன்மைச் சான்று, காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டாகும். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகிய உடன்பிறந்தோரைத் துரோகிகள் எனப் பெயர் சுட்டுகின்றது. பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட உயர்ந்த பட்டம். நாவலில் காடுகளில் கூடிச் சதி செய்யும் ரவிதாசன், கல்வெட்டிலே அரச பட்டம் தாங்கியவனாகக் காட்சியளிக்கின்றான். நந்தினியோ முற்றிலும் கல்கியின் படைப்பு. பாண்டியரைக் குறிக்கும் 'பஞ்சவன்' என்ற சொல் அவனது பட்டத்தில் இடம்பெறுவது பாண்டியத் தொடர்பை ஊகிக்க இடமளிக்கின்றதேயன்றி, அதனை நிரூபிக்கவில்லை.

கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பதே விவாதத்தின் மையம். உத்தம சோழரின் ஆட்சியில் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை எனக் கருதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, அவர் மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. கல்வெட்டு பேசுவது பறிமுதலான நிலங்களின் பிற்கால விற்பனையையே என்றும், தண்டனை முன்னரே நிறைவேறியிருக்கலாம் என்றும் குடவாயில் பாலசுப்ரமணியன் வாதிடுகின்றார்.

கல்கி இப்பிணக்கைத் தமது வழியில் தீர்த்தார். சதியாளர்களின் கைப்பாவையாகும் மதுராந்தகனை வேறொருவனாக்கி, சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் எனக் காட்டியதன் மூலம் அம்மன்னரைப் பழியிலிருந்து விடுவித்தார். சிற்றப்பன் நாட்டை விரும்பியமையால் அருள்மொழி அரசுரிமையை வேண்டாது விலகினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுவதை, தியாகத்தின் சிகரமாக உயர்த்தினார். ஆயினும், கடம்பூர் மாளிகையின் இருளில் இளவரசனை வீழ்த்திய கை எவருடையது என்பதை அவர் இறுதிவரை ஐயந்திரிபறக் கூறவில்லை. சான்று முடிவுறும் இடத்தில் தீர்ப்பு வழங்காத அந்த அடக்கம், அவரது வாசகர்களிடம் அரிதாகவே காணப்படுகின்றது.

கல்வெட்டில் நாவல் தொடாத வேறொரு செய்தியும் உண்டு. கொலையாளிகளின் உடைமைகள் மட்டுமன்றி, அவர்தம் மக்கள், தாய்மாமன்மார், பெண் கொடுத்தோர், உடன்பிறந்த பெண்களை மணந்தோர் ஆகியோரின் உடைமைகளும் பறிமுதலுக்குள்ளாயின. குற்றத்தோடு தொடர்பேயற்ற எத்தனை குடும்பங்கள் இதனால் நிலமிழந்தன என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. பொற்காலம் எனப் போற்றப்படும் ஆட்சியின் நீதி இவ்வாறும் இருந்தது.

பண்டைய மன்னர்களின் கதைகள் இன்றைய உரிமைகளுக்கும் பகைமைகளுக்கும் ஆதாரமாக எடுத்தாளப்படும் நாடு நமது நாடு. அனுராதபுரம் வரை விரியும் இந்நாவலை நமது இளைஞர்கள் விரும்பிப் படிப்பது வரவேற்கத்தக்கது. அதனைப் படித்து முடித்ததும் உடையார்குடிக் கல்வெட்டையும் அவர்கள் தேடிப் படிக்க வேண்டும். தமிழாசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் இவ்விரண்டையும் ஒரே வகுப்பறையில் அருகருகே வைத்துக் கற்பிப்பார்களாயின், சான்றுக்கும் சுவைக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர் தாமே உணர்ந்துகொள்வர்.