நஞ்சு காட்டிய வாயில்

ஈப்போ நகரின் பெயர் ஒரு நச்சு மரத்தின் பெயர். புகைவண்டி நிலையத்திற்கு எதிரேயுள்ள பூங்காவில் அம்மரம் ஒன்றை இன்றும் காணலாம். பேராக் மலைக்காடுகளில் வாழும் செமாய், தெமியார் முதலிய பழங்குடியினர் அதன் பாலை எடுத்துக் காய்ச்சி, ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவி வேட்டையாடினர். அம்மரத்தின் அருகே சென்றாலே உயிர் போகும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கதை கட்டினர். அதனருகே நின்று படம் பிடித்துச் செல்வோர் நலமே வீடு திரும்புவதால், கதையின் மதிப்பு எத்துணை என்பது விளங்கும்.

ஈப்போப் பால் நெஞ்சத்துடிப்பைத் தாக்கிக் கொல்வது. தென்னமெரிக்கக் காட்டு மக்கள் அம்பில் தடவிய குராரே என்னும் நஞ்சின் வழி வேறு. அஃது அம்பு தைத்த விலங்கின் தசைகளைத் தளர்த்துவிடும். நெஞ்சம் துடித்துக் கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுபோகும். நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை; ஆயினும் நரம்பின் சொல்லைத் தசை கேட்பதில்லை. 1850களில் பிரான்சு நாட்டு அறிஞர் குளோட் பெர்னார் தவளைகளைக் கொண்டு இதனை மெய்ப்பித்தார். நஞ்சூட்டிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையாது. தசையையே நேராகத் தூண்டினால் அசையும். அங்ஙனமாயின் நஞ்சு வேலை செய்யுமிடம் இரண்டும் கூடுமிடம் என்பது தெளிவு. அவ்விடத்தில் இருப்பது யாது?

இவ்வினாவிற்கு விடை தேட உதவியது நாம் நன்கறிந்த புகையிலை. அதன் சத்தாகிய நிக்கோட்டினை 1828இல் செர்மனியின் ஐடல்பர்க் நகரில் இருவர் பிரித்தெடுத்திருந்தனர். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லாங்லி, 1905இல் கோழியின் தசைமீது நிக்கோட்டினை இட்டார்; தசை சுருங்கிற்று. நரம்பை முன்னரே அறுத்து, அஃது அழிந்துபோன பின்னர் இட்டபோதும் சுருங்கிற்று. குராரேயை இட்டதும் அச்சுருக்கம் அடங்கிற்று. ஆகவே தசையின் மேற்புறத்திலேயே நிக்கோட்டினையும் குராரேயையும் ஏற்கின்ற ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். ‘ஏற்பி’ என்னும் கருத்து அன்று பிறந்தது. தமிழில் இச்சொல் புதுவதே. ஏற்பது ஏற்பி என்பதற்கு மேல் உரை வேண்டுவதில்லை.

உடம்பு புகையிலைக்கென்று ஓர் உறுப்பைப் படைத்துக் கொண்டதோ என்று மாணவர் கேட்பதுண்டு. இல்லை. அவ்வாயில் வேறொரு விருந்தினருக்காக அமைந்தது. நரம்பு முனையிலிருந்து சுரக்கும் அசெட்டைல்கோலின் என்பதே அவ்விருந்தினர். 1914இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர் அதன் செயல்களை இரு வகையாகப் பிரித்தார்: நிக்கோட்டினின் செயலை ஒத்தது ஒன்று, மஸ்கரின் என்னும் காளான் நஞ்சின் செயலை ஒத்தது மற்றொன்று. ஆகலின் ஏற்பிகளும் அவ்விரு நஞ்சுகளின் பெயராலேயே வழங்கலாயின. வீட்டுக்குரியவன் பெயரை விட்டுவிட்டு, உள்ளே புகுந்த திருடன் பெயரால் வீட்டை அழைப்பது போன்றது இது! ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

நிக்கோட்டின் ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளையை அமைத்த அமைப்பு. அசெட்டைல்கோலின் மூலக்கூறு இரண்டு வந்து உரிய இடங்களில் அமர்ந்தால் துளை திறக்கும். சோடிய அயனிகள் உள்ளே பாயும். தசையாயின் சுருங்கும், நரம்பணுவாயின் கிளர்ச்சியுறும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிய நேரத்துள் நிகழ்ந்துவிடும். மக்கள் உடம்பில் இத்துண்டுகளுக்குரிய மரபணுக்கள் 16 உள. 16 எழுத்துகளை வைத்துக் கொண்டு ஐந்தெழுத்துச் சொற்களை ஆக்குவது போல, உடம்பு தசைக்கு ஒரு வகையும், நரம்பு முடிச்சுகளுக்கு ஒரு வகையும், மூளைக்குப் பல வகையுமாக ஏற்பிகளை ஆக்கிக் கொள்கிறது. ஓரெழுத்து மாறினால் சொற்பொருள் மாறுவதைத் தமிழாசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பியிலும் அதுவே நிகழ்கிறது.

இவ்வளவையும் கண்டறிய உதவிய கருவி எது தெரியுமா? கட்டுவிரியனின் நஞ்சு. தாய்ப்பேயிலுள்ள தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாங், லீ என்னும் இருவர் அங்குள்ள கட்டுவிரியனின் நஞ்சைக் கூறுகூறாகப் பிரித்து, 1963இல் ஆல்பா பங்காரோடாக்சின் என்பதை வெளியிட்டனர். கட்டுவிரியன் இனத்தின் அறிவியற்பெயர் ‘பங்காரசு’. அது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும் ‘பங்காரு’ என்னும் சொல்லின் வழியே வந்தது என்பர். மஞ்சள் வளையமிட்ட கட்டுவிரியனைத் தோட்டத்து நீரோடைக் கரைகளில் கண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் தெரியும். இந்நஞ்சு தசையின் ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடுவதில்லை. அவ்விடாப்பிடியே அறிஞர்க்கு உதவிற்று. பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் சான்சே என்பார் 1970இல், லீயின் துணையோடு, இந்நஞ்சைத் தூண்டிலாகக் கொண்டு மின்விலாங்கு மீனின் மின்னுறுப்பிலிருந்து ஏற்பியைப் பிடித்தெடுத்தார். மின்னுறுப்பு என்பது உருமாறிய தசையே. அங்கே ஏற்பிகள் அளவின்றிச் செறிந்துள்ளன. லாங்லி ஊகித்த பொருள் 65 ஆண்டு கழித்துக் கைக்குக் கிட்டிற்று.

கட்டுவிரியன் கடித்தால் நேர்வது யாதென்பதும் இதனால் விளங்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. உறக்கத்தில் கடிபட்டவர் அறியாமலே கிடப்பதும் உண்டு. முதலில் கண்ணிமை தொங்கும், பின்னர் பேச்சுக் குழறும், விழுங்க இயலாது, இறுதியில் மூச்சு நிற்கும். இந்நஞ்சு மூளைக்குள் எளிதிற் புகுவதில்லை. ஆகவே விரலையும் அசைக்க இயலாமற் கிடப்பவர், சுற்றி நிற்போர் பேசுவதையெல்லாம் கேட்டுக் கொண்டிருத்தல் கூடும். கண்பாவை அசையவில்லை என்று கண்டு ‘போய்விட்டார்’ எனக் கைவிடுவது பெருந்தீங்கு. மூச்சை மட்டும் கருவியால் நடத்திக் கொண்டிருந்தால், நாள்கள் சில கழித்து அவர் எழுந்து உட்காருவார். கட்டுவிரியனின் நஞ்சில் பீட்டா என்னும் மற்றொரு கூறு உண்டு. அது நரம்பு முனையையே அழிப்பது. அழிந்த முனை மீண்டும் வளர வேண்டும். தாமதித்து இடும் மாற்று மருந்தின் பயன் குறைவதற்குக் காரணம் இதுவே. மந்திரிப்பவரைத் தேடி ஓடும் நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடுவது நன்று என்று நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்வது இதனை எண்ணியே.

இவ்விடத்துக் கீரியையும் நினைத்தல் வேண்டும். நாகத்தோடு போர் செய்த கீரி ஏதோ ஒரு பச்சிலையைத் தின்று நஞ்சை முறித்துக் கொள்ளும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. கீரிப்பூண்டு என்று ஒரு செடிக்குப் பெயருமிட்டனர். இசுரேல் நாட்டு வைசுமன் நிலையத்தார் 1992இல் இதற்கு வேறு விடை கண்டனர். கீரியின் தசை ஏற்பியில், நஞ்சு பற்றுமிடத்தில் அமினோ அமிலங்கள் சில மாறியுள்ளன; அவற்றுள் ஒன்றின்மீது சர்க்கரைத் தொடர் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசெட்டைல்கோலின் நுழையலாம், நாக நஞ்சு நுழைய இயலாது. நாகத்தின் ஏற்பியிலும் இதை ஒத்த காப்பு உண்டு. இல்லையேல் தன் நஞ்சால் தானே மடியும். கீரி பச்சிலையைத் தேடி ஓடவில்லை. பிறக்கும்போதே மருந்தோடு பிறந்திருக்கிறது.

நஞ்சைக் கொண்டு நோயையும் அறிந்தனர். மையஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோயில் காலையில் திறந்திருக்கும் இமை மாலையில் தொங்கும். மெல்ல மெல்லத் தாடை சோரும். இதன் தோற்றம் குராரே நஞ்சை ஒத்திருப்பதைக் கண்டு, 1934இல் மேரி வாக்கர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவப் பெண்மணி குராரேயின் மாற்று மருந்தையே கொடுத்துப் பார்த்தார், நோயாளி தேறினார். காரணம் 1973இல் வெளிப்பட்டது. பாட்ரிக், லிண்ட்சுட்ரோம் ஆகியோர் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி வழியே செலுத்தினர். முயல்கள் அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கித் தம் ஏற்பிகளையும் அழித்துக் கொண்டு தளர்ந்து வீழ்ந்தன. அவ்வாண்டே ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவர், கட்டுவிரியன் நஞ்சால் எண்ணிப் பார்த்து, நோயாளரின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை நாட்டினர். மூன்றாம் பெயர் நம் செவிக்குப் பழகிய பெயர். குராரேயும் கொலைத் தொழிலை விட்டு அறுவை மருத்துவத்திற்கு வந்தது. 1942இல் மாண்ட்ரியல் நகரில் கிரிபித் என்பார் மயக்கமூட்டிய நோயாளியின் தசையைத் தளர்த்த அதனைப் பயன்படுத்தினார்.

இனி மூளைக்கு வருவோம். அங்குள்ள நிக்கோட்டின் ஏற்பிகள் கவனம், நினைவு, விழிப்பு ஆகியவற்றோடு தொடர்புடையன. மறதி நோயில் அசெட்டைல்கோலின் சுரக்கும் அணுக்கள் மிகுதியும் அழிவதால், அதனைச் சிதையாமற் காக்கும் மருந்துகளைத் தருகின்றனர். உடம்பின் அழற்சியை அடக்குவதிலும் ஒருவகை ஏற்பிக்குப் பங்குண்டு என 2003இல் கண்டனர்.

புகையை இழுத்தால் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. இன்பவுணர்வுக்குரிய டோப்பமின் சுரக்கும் அணுக்களின் ஏற்பிகளைத் திறக்கிறது. அசெட்டைல்கோலின் வந்த வேலை முடிந்ததும் நொதியால் உடனே சிதைக்கப்படும். நிக்கோட்டினை அந்நொதி தீண்டாது. ஆகவே ஏற்பிகள் திறந்து, பின் மரத்துப்போய்ச் செயலற்று நிற்கின்றன. மூளையோ ஏற்பிகளைப் பெருக்கிக் கொள்கிறது. புகைப்பவர் மூளையில் ஏற்பிகள் மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். குருதியில் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கொருமுறை பாதியாகக் குறையும். இரவு கழிந்ததும் மரத்துப்போனவை விழிக்கின்றன. பெருகிய அத்தனையும் ஒருசேர வாய் திறந்து கேட்கின்றன. விடியற்காலைப் புகைக்குள்ள ‘சுவை’ இவ்வளவே. 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வாரெனிக்லின் என்னும் மருந்து இவ்வாயிலைப் பாதியளவே திறந்து, நிக்கோட்டினுக்கு இடம் விடாமல் நிற்பது.

பால்மரத் தோட்டங்களில் வெற்றிலைப்பையின்றிப் பால்வெட்டச் சென்றவர் அரியர். புகையிலையோடு சுண்ணாம்பும் சேர்வதால் நிக்கோட்டின் கன்னத்தின் வழியே எளிதில் ஊறும். பாக்கிலுள்ள அரிக்கோலினும் மூளையின் நிக்கோட்டின் ஏற்பிகள் சிலவற்றை ஓரளவு திறப்பதை 2015இல் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் கண்டனர். புகையிலை சேராத தாம்பூலமும் விடற்கரிதாயிருப்பதன் காரணம் இதில் ஓரளவு புலப்படுகிறது. பாக்கு புற்றுநோய் விளைப்பது என 2004இலேயே உலக ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது.

தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன, வெற்றிலைப்பையும் குறைந்துவிட்டது. அதனிடத்தில் மாணவர் சட்டைப்பைக்குள் வந்திருப்பது பழமணம் வீசும் மின்சிகரெட். நம் நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் அதனைப் பயன்படுத்துவோர் 2017இல் நூற்றுக்கு 9.8, 2022இல் 14.9. 2023 மார்ச்சு 31ஆம் நாள் நீர்ம நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் நாளே. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளைக் காத்தது எச்சட்டம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இளையோர் மூளையில் முன்புறப் பகுதி முதிர்வது இருபத்தைந்தாம் வயதை ஒட்டியே. அம்முதிர்ச்சியை நெறிப்படுத்துவதில் இவ்வேற்பிகளுக்குப் பங்குண்டு. ஆகலின் பதினான்கு வயதில் தொடங்கும் பழக்கம் நாற்பதில் தொடங்குவதைப் போன்றதன்று. முதற் பாடவேளையில் எரிச்சலும் கவனமின்மையுமாய் அமர்ந்து, இடைவேளைக்குப் பின் தெளிந்து காணும் மாணவனைச் சோம்பேறி என்று பட்டியலிடுமுன், ஏற்பியின் கணக்கையும் ஆசிரியர் பார்த்தல் தகும். வளர்ந்தவர்களிடம் செய்த ஆய்வில், பழக்கத்தை விட்ட 6 முதல் 12 வாரங்களுக்குள் ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர் அளவிற்கு இறங்கிற்று. அத்தனை வாரம் அவனருகே இருக்க வாய்ப்புடையவர் பெற்றோருக்கு அடுத்து வகுப்பாசிரியரே.