ஏழ்மை காப்பாற்றிய பணக்காரப் பட்டணம்

ஊரைச் சுற்றிப் பெரிய மதில். மதிலுக்கு உள்ளே ஏறக்குறைய 4 ஆயிரம் பழைய வீடுகள். அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது. முற்றத்தில் துணி காய்கிறது. குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

சீனாவில் உள்ள இந்தப் பட்டணத்தின் பெயர், பிங்யாவ்.

ஒரு காலத்தில் இது பெரிய பணக்கார ஊர். சீனாவின் பல பாங்கிகளுக்கு இங்கேதான் தலைமை நிலையம் இருந்தது. பிறகு பணம் போயிற்று. ஊர் ஏழையாயிற்று. அந்த ஏழ்மைதான் இந்த ஊரைக் காப்பாற்றியது!

அது எப்படி?

ஆமை ஊர்

பிங்யாவ், வடசீனாவில் ஷான்ஸி மாகாணத்தில் இருக்கிறது. தலைநகர் பெய்ஜிங்கில் இருந்து அதிவேக ரெயிலில் ஏறினால் சுமார் 4 மணி நேரப் பயணம். ரெயில் நிலையம் பழைய ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பஸ்சிலோ, வாடகைக் காரிலோ போகலாம்.

ஊரை நெருங்கும்போதே மதில் கண்ணில் படும். சுற்றளவு 6 கிலோ மீட்டருக்கு மேல். உயரம் சுமார் 10 மீட்டர். மூன்று மாடி வீட்டின் உயரம்!

இங்கு முன்பே ஒரு மண் மதில் இருந்தது. 1370-ம் ஆண்டில், மிங் வம்ச மன்னர் காலத்தில், அதைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். மண்ணைக் கொட்டி, இடித்து இடித்துக் கெட்டியாக்கி, வெளிப்புறம் செங்கல் வைத்தார்கள். மதிலைச் சுற்றி அகழியும் உண்டு.

மதிலுக்கு ஆறு வாசல்கள். தெற்கு வாசல் ஆமையின் தலையாம். வடக்கு வாசல் வாலாம். கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு, ஆக நான்கு வாசல்களும் கால்களாம். அதனால் "ஆமை ஊர்" என்று பெயர். ஆமை நீண்ட ஆயுள் கொண்டது அல்லவா? ஊரும் அப்படி நீடித்து வாழ வேண்டும் என்பது மக்களின் ஆசை.

மதில் மேல் 72 காவல் கோபுரங்கள். மறைந்து நின்று அம்பு விடுவதற்கான மதில் பற்கள் 3 ஆயிரம். இந்தக் கணக்குக்கும் ஒரு காரணம் சொல்லுகிறார்கள். சீன ஞானி கன்பூசியசுக்கு 3 ஆயிரம் மாணவர்கள். அவர்களில் சிறந்தவர்கள் 72 பேர். சண்டைக்குக் கட்டிய மதிலிலும் படிப்புக்கு மரியாதை!

சாயக்கடையில் பிறந்த பாங்கி

மதிலுக்குள் நுழைந்து தெற்குப் பெரிய தெருவில் நடந்தால், இரு பக்கமும் மரக் கதவு போட்ட பழைய கடைகள். வாசல் தோறும் சிவப்புக் காகித விளக்குகள். பக்கத்திலேயே மேற்குப் பெரிய தெரு. அங்கேதான் அந்த வீடு இருக்கிறது.

"ரி ஷெங் சாங்" என்பது அதன் பெயர். உதிக்கும் சூரியனைப் போல் செழிக்கட்டும் என்று பொருள்.

முதலில் இது சாயம் விற்ற வியாபாரிகளின் கடை. பெய்ஜிங்கிலும் வேறு ஊர்களிலும் இதற்குக் கிளைகள் இருந்தன. அந்தக் காலத்தில் பணம் என்றால் வெள்ளிக் கட்டிதான். ஒரு ஊரில் சம்பாதித்த வெள்ளியை இன்னொரு ஊருக்குக் கொண்டு போவது லேசான காரியம் அல்ல. வண்டியில் ஏற்ற வேண்டும். வழியில் கொள்ளைக்காரர் பயம். கத்தி, ஈட்டி பிடித்த வீரர்களைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். இதற்கென்றே காவல் கம்பெனிகள் இருந்தன.

கடையின் மானேஜர் லெய் லூதாய் கெட்டிக்காரர். "வெள்ளி ஏன் பயணம் செய்ய வேண்டும்? காகிதம் போனால் போதாதா?" என்ற யோசனை பிறந்தது. பெய்ஜிங் கிளையில் வெள்ளியைக் கட்டினால், ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பிங்யாவில் காட்டினால் வெள்ளி கிடைக்கும். உண்டியல் எழுதிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு.

1823-ம் ஆண்டு வாக்கில் சாயக்கடை மறைந்தது. பாங்கி பிறந்தது. சீனாவில் இந்த வகைப் பாங்கிகளில் இதுவே முதலாவது.

திருட முடியாத சீட்டு

சீட்டை யாராவது கள்ளத்தனமாக எழுதிவிட்டால்?

அதற்கும் வழி செய்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் எழுத்துகளைக் காகிதத்துக்குள்ளேயே வைத்தார்கள். சீட்டு எழுதுபவரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எல்லாக் கிளைகளுக்கும் தெரியும்.

இன்னும் ஒரு ரகசியம் உண்டு. மாதம், தேதி, தொகை எதையும் நேராக எழுதமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவான எழுத்து. 12 மாதத்துக்கும் உரிய 12 எழுத்துகளை வரிசையாகப் படித்தால், கள்ளச் சீட்டு வரும், எழுத்தையும் முத்திரையையும் கவனித்துப் பார் என்ற எச்சரிக்கை வரும்! இந்த ரகசிய எழுத்துகளையும் அவ்வப்போது மாற்றினார்கள்.

இன்று அந்த வீடு காட்சிசாலையாக இருக்கிறது. கணக்கர்கள் உட்கார்ந்த இடம், பணம் வாங்கிய இடம், முற்றங்கள் எல்லாவற்றையும் உல்லாசப் பயணிகள் பார்க்கலாம்.

பணம் போன கதை

இந்தப் பாங்கியைப் பார்த்து மற்றவர்களும் பாங்கி தொடங்கினார்கள். பிங்யாவ் கொழித்தது. வியாபாரிகள் நான்கு பக்கமும் கட்டிடம், நடுவில் முற்றம் என்று பெரிய வீடுகள் கட்டினார்கள்.

அந்த வாழ்வு நூறு ஆண்டுகூட நிலைக்கவில்லை. கடற்கரை நகரங்களில் புதுமாதிரியான பாங்கிகள் வந்தன. 1911-ம் ஆண்டில் புரட்சி வெடித்தது. மன்னர் ஆட்சி வீழ்ந்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை. பணம் போட்டவர்களோ கதவைத் தட்டினார்கள். 1914-ம் ஆண்டில் "ரி ஷெங் சாங்" நொடித்தது. மற்றப் பாங்கிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஊரில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டப் பணம் இல்லை. இருப்பதைப் பழுது பார்த்துக் குடியிருந்தார்கள்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது? ரோடு போட மதிலை இடித்தார்கள். பெய்ஜிங்கின் பெரிய மதில்கூடத் தப்பவில்லை. ஏழைப் பிங்யாவின் மதிலோ அப்படியே நின்றது.

"நிறுத்துங்கள்!"

ஏழ்மை எத்தனை நாள் காவல் காக்கும்? 1980-ம் ஆண்டு வாக்கில் பிங்யாவுக்கும் ஒரு திட்டம் வந்தது. பழைய ஊரின் நடுவே அகலமான ரோடுகள் போட வேண்டும்; குறுக்கே நிற்கும் வீடுகளை இடிக்க வேண்டும் என்பது திட்டம். மேற்குப் பக்கத்தில் வேலையே தொடங்கிவிட்டது. பழைய வீடுகள் பல மண்ணோடு மண்ணாயின.

ஷாங்காய் நகரின் தோங்ஜி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் ருவான் இசான். நகரங்களை அமைப்பது பற்றிய பாடம் நடத்தியவர். இந்தச் சேதி அறிந்து அவர் பதறினார். "வேலையை நிறுத்துங்கள். வேறு திட்டம் தருகிறேன்" என்று அதிகாரிகளிடம் மன்றாடினார்.

1981-ம் ஆண்டில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பிங்யாவுக்கு வந்தார். தெருத் தெருவாக அளந்து, புதிய திட்டம் வரைந்தார். திட்டம் மிகவும் எளியது. மதிலுக்கு உள்ளே பழைய ஊர் அப்படியே இருக்கட்டும். புதிய ஊர் மதிலுக்கு வெளியே வளரட்டும்!

அதை எடுத்துக்கொண்டு பெய்ஜிங்குக்குப் போய்ப் பெரியவர்களின் ஆதரவைத் தேடினார். ஆதரவு கிடைத்தது. இடிப்பு நின்றது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1997-ம் ஆண்டில், ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு பிங்யாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

போகிறவர்களுக்கு

மதில் மேல் ஏறவும், பழைய பாங்கி, நீதி விசாரித்த பழைய சர்க்கார் மாளிகை முதலியவற்றைப் பார்க்கவும் டிக்கெட் வாங்க வேண்டும். பெரிய தெருக்களில் கார் கிடையாது. நடைதான்.

பழைய வீடுகள் பல இப்போது விடுதிகள். அங்கே "காங்" என்ற படுக்கை இருக்கும். செங்கல்லால் கட்டிய மேடை. குளிர்காலத்தில் அதற்கு அடியில் அடுப்பின் சூட்டைச் செலுத்துவார்கள். குடும்பமே அதில் படுத்துத் தூங்கும்.

ஷான்ஸிக்காரர்களுக்குக் கோதுமை உணவுதான் பிடிக்கும். மாவுக் கட்டியைக் கத்தியால் சீவிக் கொதிநீரில் விழச் செய்வார்கள். அதில் காடி ஊற்றிச் சாப்பிடுவார்கள். அந்த மாகாணத்துக் காடி சீனா முழுவதும் பேர் பெற்றது.

ஊருக்கு வெளியே ஷுவாங்லின் என்ற புத்தர் கோவில் இருக்கிறது. அங்கே வண்ணம் தீட்டிய களிமண் சிலைகள் 2 ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அதையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

மீண்டும் ஒரு சோதனை

இப்போது பயணிகளால் பணம் மீண்டும் பிங்யாவுக்கு வந்துவிட்டது. கடைகளும் விடுதிகளும் பெருகிவிட்டன. குடியிருந்தவர்கள் பலர் வெளியே போய்விட்டார்கள். எல்லா வீடும் விடுதியானால், அது ஊராக இருக்குமா, வெறும் காட்சிசாலை ஆகிவிடுமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

மதிலுக்கும் ஓய்வு இல்லை. 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஷான்ஸியில் விடாமல் மழை கொட்டியது. மண் ஊறி, மதிலில் சுமார் 25 மீட்டர் நீளம் சரிந்து விழுந்தது. சுற்றி இருந்த பகுதிக்கு யாரும் வராமல் தடுத்து, பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார்கள்.

மதில் என்றால் கல்லும் இரும்பும் அல்ல. உள்ளே வெறும் மண். மண்ணைப் பார்த்துக்கொள்ள மனிதர் வேண்டும். அதனால்தான் மதிலுக்குள் இன்னும் அடுப்பு எரிய வேண்டும் என்கிறார்கள், பிங்யாவை நேசிப்பவர்கள்.