பாவிக்காத மின்சாரத்துக்கும் விலை உண்டு

மின்சாரம் பாவித்தால் பில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாவிக்காமல் இருந்தால் பணம் வரும் என்றால் நம்புவீர்களா? பிரித்தானியாவில் அப்படியொரு சந்தை இருப்பதாக வாசித்தபோது எனக்கும் வியப்பாகவே இருந்தது. தேடி அறிந்தவற்றை இங்கு எளிமையாகத் தருகிறேன்.

அரிசியை மூட்டையில் கட்டி வைப்பதுபோல் மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது எளிதல்ல. ஆகவே உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். இச்சமநிலையைக் காட்டுவது மீடிறன். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் அது 50 ஹேர்ட்ஸ். பாவனை மிஞ்சினால் மீடிறன் குறையும்; உற்பத்தி மிஞ்சினால் கூடும். எல்லை தாண்டினால் பாதுகாப்புக் கருவிகள் மின்பிறப்பாக்கிகளைத் துண்டித்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக அவை நின்றுபோனால் நாடே இருளில் மூழ்கும்.

நாடு முழுவதற்கும் கணக்குச் சரியாக இருந்தாலும் ஓர் ஊரில் மட்டும் நெருக்கடி வரலாம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பி, அடுப்பையும் வெப்பமூட்டியையும் போட்டு, மின்சாரக் காரையும் ஏற்றத்தில் விட்டால் அவ்வூரின் மின்மாற்றி தாங்காது. பாதையைத் தோண்டிப் பெரிய கேபிள் பதிக்கலாம். ஆனால் நாளில் இரண்டு மூன்று மணித்தியால நெருக்கடிக்காக அத்தனை செலவா? இங்குதான் 'உள்ளூர் நெகிழ்வுச் சந்தை' உதவுகிறது.

மின் விநியோக நிறுவனம், “இந்தப் பகுதியில், இந்த நேரத்தில், இவ்வளவு சுமை குறைய வேண்டும்” என முன்கூட்டியே அறிவிக்கும். குளிர்களஞ்சியம் வைத்திருப்போர், மின்கலம் உள்ளோர், பல வீடுகளை ஒன்றுசேர்க்கும் நிறுவனங்கள் ஆகியோர் தத்தமது விலையைக் கூறுவர். பொருத்தமான குறைந்த விலைகள் ஏற்கப்படும். குறித்த நேரத்தில் அவர்கள் பாவனையைக் குறைப்பார்கள். அல்லது மின்கலத்திலிருந்து மின்சாரம் வழங்குவார்கள். வழமையான பாவனையோடு மீற்றர் அளவை ஒப்பிட்டுப் பணம் கொடுக்கப்படும்.

காற்றும் வெயிலும் நிறைந்த கோர்ன்வோல் பகுதியில் சென்ட்ரிக்கா நிறுவனம் 2020 வரை இத்தகைய சந்தையைப் பரீட்சித்தது. அதற்காக 100 வீடுகளில் மின்கலங்கள் பொருத்தப்பட்டன. 2022 நவம்பரில் நாடளாவிய திட்டமொன்றும் தொடங்கியது. முதற் குளிர்காலத்திலேயே 16 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் வணிக நிலையங்களும் அதில் இணைந்து, 22 தடவைகளில் 3,300 மெகாவாற் மணித்தியாலங்களுக்கு மேல் குறைத்தன. அவர்களிற் பலர் செய்தது, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைச் சற்றுப் பிந்திப் போட்டது போன்ற சிறு காரியமே.

குறைகளும் உண்டு. 'வழமையான பாவனை' எவ்வளவு என்பதை மதிப்பிடுவது கடினம். அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மின்கலமும் காரும் உள்ளவர் எளிதாகச் சம்பாதிப்பார். இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் மட்டுமுள்ள வீடு எதை விட்டுக்கொடுக்கும்? வீட்டில் ஒக்சிசன் இயந்திரத்தோடு வாழும் நோயாளி எதைப் பிற்போடுவார்? இவர்களை மறந்த சந்தை நீதியான சந்தையாகாது.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை; பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் வலு மின் கட்டமைப்பில் குறைந்திருந்தது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நிறுத்தச் சொல்லிக் கேட்பது ஒரு வழி. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து, மஃரிபுக்குப் பின் தருபவருக்கு உரிய விலை கொடுப்பது இன்னொரு வழி. முதல் வழியில் கூரையில் விழும் வெயில் வீணாகிறது. இரண்டாவதில் அதுவே இரவில் எமது மேசை விளக்காகிறது. நாளை பொறியியலாளர்களாகவும் பொருளியலாளர்களாகவும் வரப்போகும் எம் மாணவியர் இரண்டாவது வழியைப் பற்றி இன்றே சிந்திக்கத் தொடங்கலாம்.