சைக்கிளுக்கு மோட்டார் வைக்கப் போகிறீர்களா?

பல்லாவரத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டை பத்து கிலோமீட்டருக்கு உள்ளேதான். மிதித்துப் பழகியவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. மே மாதத்தில் சட்டை தெப்பலாக நனைந்து மெஷின் முன்னால் போய் நிற்பதுதான் சங்கடம். பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பதால், வீட்டில் சும்மா கிடந்த கியர் சைக்கிளுக்கு நானே மோட்டார் பொருத்திக்கொண்டேன். சிக்னலில் பார்க்கிறவர்கள், "எத்தனை வாட் மோட்டார் அண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பேட்டரியைப் பற்றி.

மோட்டார் கதை சுருக்கம். பின்சக்கர ஹப்புக்குள்ளேயே அடங்கிய 36 வோல்ட் மோட்டார், திறன் 250 வாட்டுக்குள். கிட்டாக வாங்கினால் கண்ட்ரோலர், ஆக்சிலேட்டர், பெடல் சென்சார், பிரேக் லீவர் எல்லாம் கூடவே வரும். ரிம் கோட்டம் எடுப்பதை மட்டும் சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கவனம் வேண்டிய இடம் அச்சு. சாதாரணச் சக்கரத்தில் அது பாரம் தாங்கினால் போதும். ஹப் மோட்டாரிலோ, சக்கரம் முன்னால் சுற்றச் சுற்ற அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அச்சை இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி, ஃபிரேமின் காடிக்குள் உட்காரவைக்கிறார்கள். நட்டு தளர்ந்தால் அச்சு காடியை அகட்டிக்கொண்டு சுழன்றுவிடும், அதன் வழியாக வரும் ஒயர்களையும் முறுக்கி அறுத்துவிடும். அதனால் டார்க் ஆர்ம் என்கிற இரும்புப் பட்டை கட்டாயம் வேண்டும். ஒரு முனை அச்சின் தட்டைப் பகுதியைக் கவ்வும், மறுமுனை ஃபிரேமோடு இறுகும். கிட்டில் வந்த மெல்லிய தகடு எனக்குத் திருப்தியாக இல்லை. 6 மி.மீ. தகட்டில் நானே வெட்டி, அச்சு துளியும் ஆடாமல் நுழையும்வரை அரம் போட்டேன். அலுமினிய முன் ஃபோர்க்கில் மட்டும் ஹப் மோட்டார் மாட்டாதீர்கள். இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் சொல்லாமல் உடையும்.

இனி பேட்டரி. 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 360 வாட் ஹவர். கூடவே கொஞ்சம் மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட் ஹவர் ஆகும். எப்படியும் 24 கிலோமீட்டர் வரும், நான் போய்வரத் தாராளம். முழு சார்ஜுக்கு அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது.

உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் அயன் செல்கள் பத்து வரிசையாகக் கோத்திருக்கும். எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறக்கூடாது, மூன்றுக்கு ரொம்பக் கீழே இறங்கவும் கூடாது. அதைக் காவல் காப்பது பி.எம்.எஸ். என்கிற சின்ன போர்டு. பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு அளவுக்குத் தேய்ந்திருக்கும். இருப்பதிலேயே நலிந்தது முதலில் கெட்டு, மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். சூடேறித் தீப்பிடிப்பதும் அங்கேதான் தொடங்கும். எல்லாவற்றையும் கையால் செய்ய ஆசைப்படும் நானே பேட்டரியைக் கட்டவில்லை. புது செல், பி.எம்.எஸ்., பில், வாரண்டி பார்த்து வாங்கினேன். பணத்தில் பாதி அதற்கே போகட்டும். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். தூங்கும்போதும், வாசலை அடைத்தாற்போல் வைத்தும் போடவே போடாதீர்கள்.

பிரேக் லீவரைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்க வேண்டும். கிட்டில் வரும் லீவருக்குள் அதற்கான சுவிட்ச் இருக்கிறது. பழைய லீவரே போதும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

500 வாட், 750 வாட் மோட்டாரும் கடையில் தருவார்கள். ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் மோட்டார் வாகனம் என்ற கணக்கிலிருந்து விலக்கு. சோதனை நிலையம் அதைச் சரிபார்த்திருக்கவும் வேண்டும், எனவே சான்று கேட்டு வாங்குங்கள். அளவு தாண்டினால் பதிவு எண், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். சிறிய மோட்டார் இழுக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். கியரைக் குறைத்து நாமும் மிதித்துக் கொடுத்தால், கத்திப்பாரா மேம்பாலத்தில் திணறாமல் ஏறுகிறது.