அன்றன்றைய வசனமும் அன்றன்றைய மாத்திரையும்

காலை மாத்திரைகள் வருவதற்கு முன்பே எங்கள் வார்டுகளில் பல படுக்கைகளின் அருகே தியான நூல் திறந்திருக்கும். நாளுக்கு ஒரு வசனம், அதற்கொரு சிறு விளக்கம், ஒரு ஜெபம். வாசிக்க இயலாதவருக்கு உடனிருக்கும் மகளோ மருமகளோ மெல்லிய குரலில் வாசிப்பார். இவ்வழக்கத்தை நாங்கள் மகிழ்வோடு காண்கிறோம். ஆயினும் அத்தியானத்தின் நடுவே எழும் ஒரு கேள்வி பலரை வாட்டுவதையும் அறிவோம்: "என் விசுவாசம் குறைந்ததனால்தானோ இந்நோய் நீங்கவில்லை?" சிலர் இதை வாய்விட்டுக் கேட்பர். வேறு சிலர் கேட்பதில்லை. விசுவாசத்தை மெய்ப்பிக்க எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவர். சில வாரங்களில் மூச்சிரைப்போடு மீண்டும் வருவர்.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கத்துக்கு ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வேர் உண்டு. அங்கு வாழ்ந்த மொரேவிய சகோதரர்கள் 1728 முதல் அன்றன்றைக்குரிய வசனத்தை வீடுதோறும் அறிவித்தனர்; 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக வெளிவருகிறது. அச்சகோதரர்களில் ஒரு குழுவினர் 1760இல் நம் மாவட்டத்துத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்வதே அவர்கள் நோக்கம். 1768இல் அங்குத் தொடங்கிய பணியைக் காய்ச்சல் விடாமல் துரத்தியது. பலர் மாண்டனர், 1787இல் அப்பணியே கைவிடப்பட்டது. நாள் தவறாமல் வசனத்தைத் தியானித்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இல்லாதிருந்தது விசுவாசமன்று. காய்ச்சல் எதனால் பரவுகிறது என்னும் அறிவுதான். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டதே 1897இல்தான்.

அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்னர், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றியவர். 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36. புதிய எருசலேம் ஆலயத்தில் அவரது கல்லறையை இன்றும் காணலாம். அவர் விசுவாசத்தில் குறை காண யார் துணிவர்?

வேதாகமம் காட்டுவதும் இதுவே. எசேக்கியா அரசன் கண்ணீரோடு ஜெபித்தான்; ஆயுள் நீடிக்கும் என்னும் வாக்கும் பெற்றான். ஆயினும் அவனது பிளவையின்மேல் அத்திப்பழத்தால் பற்றிடுமாறே ஏசாயா கூறினார். (பிளவை என்றால் என்னவென்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.) பவுல் மும்முறை வேண்டியும் அவரது உடலின் முள் நீங்கவில்லை. வயிற்று நோயால் அடிக்கடி வருந்திய தீமோத்தேயுவை அவர் கடிந்துகொள்ளவில்லை. அக்காலத்து வைத்தியம் ஒன்றையே பரிந்துரைத்தார். பவுலின் உடனிருந்த லூக்காவும் மருத்துவரே.

இரட்சிப்பு என்பது பரிசோதனைத் தாளில் காணும் எண்ணன்று. சர்க்கரை இறங்கினால் இறைவனின் பரிசு, ஏறினால் தண்டனை என்று கணக்கிடுவது அருள் என்னும் சொல்லையே சிறுமைப்படுத்தும் என்பது எங்கள் கருத்து. நோய் நீங்காத நாளிலும் பொறுமையும் பிறர்மீது பரிவும் வளர்கின்றன என்பதைப் பல படுக்கைகளின் அருகே நின்று கண்டிருக்கிறோம். ஆன்மிக வளர்ச்சி என்று போதகர்கள் கூறுவது அதுவாகவே இருக்கக்கூடும்.

ஒன்றிரண்டு செய்திகளை மட்டும் மருத்துவர்களாகச் சொல்ல வேண்டும். லெந்து நாட்களில் உபவாசம் இருக்க விரும்புவோர் முன்னதாகவே எங்களிடம் கூறுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் கண்டு, நினைவும் தப்பலாம். மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றித் தருவோம். சிலருக்கு உபவாசமே வேண்டாம் என்போம். ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு செல்லலாகாது. ஒவ்வோர் இரவும் உள்ளங்காலை உடன்வருவோர் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

வார்டில் குடும்பத்தோடு கூடி ஜெபிக்க விரும்பினால் செவிலியரிடம் தெரிவியுங்கள். மருந்து வேளைக்கு முன்னோ பின்னோ அதற்கு இடமும் நேரமும் ஒதுக்கித் தருவோம்.